சீட்டுப் பெட்டியும் ஈய எழுத்தும்: கணினிக்கு முந்தைய தமிழாய்வு

முதுகலை வகுப்பில் அகநானூற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், ‘கல்’ என்னும் சொல் சங்க இலக்கியத்தில் எத்தனை இடங்களில் பயின்று வந்துள்ளது என்று ஒரு மாணவி வினவினார். நான் விடை கூறத் தொடங்குமுன்பே அருகிலிருந்த மற்றொரு மாணவி தம் கைப்பேசியில் தேடி ஓர் எண்ணைச் சொல்லிவிட்டார். அவ்வெண் தவறானது. அவர் தேடியது சந்தி பிரிக்கப்படாத பாடம். அதில் ‘கன்மிசை’ என்றும் ‘கன்முழை’ என்றும் வரும் இடங்களில் மறைந்து நிற்கும் ‘கல்’ கருவியின் கண்ணுக்குப் புலப்படவில்லை. மாறாக, ‘கல்லென’ என்னும் ஒலிக்குறிப்பும் ‘கல்வி’யும் மலைக்கல்லோடு சேர்த்து எண்ணப்பட்டிருந்தன. மாணவியைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே வினாவுக்கு ஒருவர் எவ்வாறு விடை கண்டிருப்பார் என்பதை அவ்வகுப்பில் விளக்கப் புகுந்த நான், அந்தப் பாடவேளை முடிந்த பின்னரும் முடிக்க இயலாமல் நின்றேன். அன்று சொல்ல எஞ்சியதை இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

சங்க இலக்கியம் என்று நாம் வழங்கும் தொகுதி 2381 பாடல்களைக் கொண்டது. பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர். இன்று இத்தொகுதி ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிடுகிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் இதற்கு வழிகோலின. அதற்கு முந்தைய நூறாண்டுக் காலத்தில் தமிழாய்வு என்பது பெரிதும் மூன்று தொழில்களின் கூட்டாகவே இருந்தது: பார்த்தெழுதுதல், சீட்டு அடுக்குதல், அச்சுக்கோத்தல். ஆய்வாளர் இம்மூன்றில் முதலிரண்டைத் தாமே செய்தார். மூன்றாவதற்குப் பிறர் கைகளை நம்பியிருந்தார்.

பார்த்தெழுதுதல் எளிய வேலை என்று எண்ணுவோர் ஓர் ஏட்டுச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்றே கொள்ளவேண்டும். பழஞ்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்பெறா. ‘கொடி’யும் ‘கோடி’யும் ஒரே வடிவில் எழுதப்பட்டிருக்கும். நெடிலைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். சொற்களுக்கிடையே இடைவெளியோ, அடிக்கு அடி வரிப் பிரிப்போ கிடையாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதையே படித்துத்தான் உணரவேண்டும். ஆகவே ஒருவர் ஏட்டைப் பிடித்துப் படிக்க, மற்றொருவர் தாளில் எழுத, பின்னர் இருவரும் இடம் மாறி அமர்ந்து ஒப்புநோக்குவது வழக்கமாயிற்று. படிப்பவர் ‘கொடி’ என்று வாய்விட்டுச் சொல்லும் அக்கணமே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. எழுதுபவர் அதனை ஐயுற்றால் ஓரத்தில் ஒரு வினாக்குறி இடுவார். அந்த வினாக்குறிகளின் வரலாறே பதிப்பு வரலாறு என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிட்டார். கும்பகோணம் கல்லூரியில் அவர் ஆசிரியராயிருந்த காலம் அது. 1880இல் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததிலிருந்து இப்பதிப்பு முயற்சி தொடங்கியதை அவரே ‘என் சரித்திர’த்தில் விரிவாக எழுதியுள்ளார். அதனை இங்கு மீண்டும் சொல்லவேண்டியதில்லை. நம் பொருளுக்கு வேண்டுவது வேறொன்று. நச்சினார்க்கினியர் முதலான உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும்போது பல இடங்களில் நூற்பெயர் சுட்டுவதில்லை. ஓரடியை மட்டும் தந்துவிட்டு ‘என்றார் பிறரும்’ என்று கடந்துவிடுவர். அவ்வடி எந்த நூலினது என்று காண, அன்று அச்சில் வராத நூல்களை எல்லாம் ஏட்டிலேயே படித்து மனத்திலும் குறிப்பேட்டிலும் பதித்து வைத்திருக்கவேண்டும். ஐயர் பதிப்புகளின் இறுதியில் காணும் அரும்பத அகராதிகளும் மேற்கோள் அகராதிகளும் இத்தேவையிலிருந்து பிறந்தவை. அவற்றை நாம் பின்னிணைப்பு என்று அழைக்கிறோம். வேலையின் வரிசைப்படி பார்த்தால் அவையே முன்னிணைப்பு. அகராதி கையில் இருந்தமையால்தான் பதிப்புக் கைகூடிற்று.

கும்பகோணத்தில் ஆசிரியப் பணி, அச்சுவேலையோ சென்னையில். விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று தங்கித் திருத்துவதும், மற்ற நாள்களில் அச்சுத்தாள்கள் அஞ்சலில் வந்து போவதுமாக அந்நூல் உருப்பெற்றது. பொருளுக்கோ முன்கூட்டியே கையொப்பம் வாங்கவேண்டியிருந்தது. இன்று நூல் வெளியீட்டுக்கு முன்பதிவுத் திட்டம் என்று அறிவிப்பவர்கள், அது நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பதிப்பு வழக்கம் என்பதை அறிந்தால் மகிழக்கூடும்.

இனிச் சீட்டு.

அகராதிக்கலையில் சீட்டு என்பது ஒரு சொல், ஓர் இடம், ஒரு பொருள் ஆகிய மூன்றையும் தாங்கிய சிறு தாள். ஒரே சொல் நூறு இடங்களில் வந்தால் நூறு சீட்டுகள். எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்கிய பின்னரே சொல்லின் வரலாறு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். தமிழில் இம்முறையின் பெருஞ்சாதனை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதியை அடிப்படையாகக் கொண்டு, அதனினும் விரிந்த ஓர் அகராதி வேண்டும் என்ற நோக்கில், 1913 சனவரி முதல் நாள் அப்பணி தொடங்கிற்று. முதல் பதிப்பாசிரியர் சாந்திலர் என்னும் அமெரிக்கப் பாதிரியார். முதல் தொகுதி 1924இல் தொடங்கி, ஆறாம் தொகுதி 1936இல் நிறைவுற்றது. 1939இல் ஓர் அனுபந்தத் தொகுதியும் வந்தது. ஆறு தொகுதிகளிலும் 1,04,405 சொற்கள் இடம்பெற்றன. தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாயில் முடியும் என்று மதிப்பிடப்பட்ட பணிக்கு நான்கு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் அளவில் செலவாயிற்று.

இச்செலவு குறித்து அக்காலத்தில் எழுந்த முணுமுணுப்புகளுக்குக் குறைவில்லை. சொல்லின் பொருளை எழுத ஒருவருக்கு ஒரு மணி நேரம் போதும். அப்பொருளுக்குரிய மேற்கோளின் பாட்டெண்ணும் அடியெண்ணும் சரிதானா என்று பார்க்க மற்றொருவருக்கு ஒரு நாள் ஆகலாம். அந்த ஒரு நாளுக்குக் கணக்குக் காட்டுவது எப்படி? 1926 முதல் இப்பணியை ஏற்று முடித்த ச. வையாபுரிப்பிள்ளையின் பெயர் இன்று தமிழுலகம் அறிந்தது. அவருடைய கால ஆராய்ச்சி முடிவுகளை ஏற்பவரும் மறுப்பவரும் அவரைப் படித்தே ஆகவேண்டும். 1940இல் சைவ சித்தாந்த மகாசமாசத்தின் வாயிலாக வெளிவந்த அவரது ‘சங்க இலக்கியம்’ பதிப்பு, பாடல்களைப் புலவர் வாரியாகத் தொகுத்துத் தந்தது. ஒரு புலவர் பாடியன எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தபோது கபிலரையும் பரணரையும் முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு வந்தது. சீட்டை வேறு வகையாக அடுக்கினால் வேறு வினாக்கள் பிறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அறுபதுகளில் சொல்லடைவு என்பது தனித்த ஆய்வுத்துறையாகவே வளர்ந்தது. வ.அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ந. சுப்பிரமணியனின் பல்லவர் காலத்துக்கு முற்பட்ட தமிழ் நூல்களுக்கான பொருளடைவு 1966இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாயிற்று. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் நூல்களின் சொல்லடைவை வெளியிட்டது. திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் சங்க நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு மொழியியல் நோக்கில் சொல்லடைவும் இலக்கணமும் எழுதிப் பட்டம் பெறுவது ஒரு மரபாகவே நிலைபெற்றது. ‘அடைவு போட்டுப் பட்டம் வாங்கினார்’ என்று இவர்களைப் பற்றி எள்ளலாகச் சொல்லும் வழக்கமும் உண்டு. அவ்வாறு எள்ளியவர்களின் கட்டுரைகளிலும் இவ்வடைவுகளிலிருந்து எடுத்த எண்ணிக்கைகள் நன்றி சொல்லப்படாமல் இடம்பெற்றிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அடைவு தொகுப்பது எந்திரத்தனமான வேலை அன்று. முன்னே சொன்ன ‘கன்மிசை’யையே எடுத்துக்கொள்வோம். சீட்டு எழுதுபவர் அதனைக் ‘கல்’ என்னும் தலைச்சொல்லின்கீழ் வைக்கவேண்டும். ‘மிசை’க்கு இன்னொரு சீட்டு எழுதவேண்டும். ‘மிசை’ இங்கு இடப்பொருள் உருபா, பெயரா, உண்ணுதல் என்னும் பொருளுடைய வினையா என்று முடிவு செய்யவேண்டும். ஒவ்வொரு சீட்டும் இவ்வாறு ஒரு சிறு உரையே. 1958இல் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து வெளியிட்ட ‘பாட்டும் தொகையும்’ பதிப்பு இவ்வேலையைப் பெரிதும் எளிதாக்கியது. ஆனால் அங்கும் பிரித்தது அறிஞர் குழு ஒன்றின் தீர்ப்பே. 1992இல் தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகிய இருவரும் கணினி கொண்டு உருவாக்கிய சங்கச் சொல்லடைவு வெளிவந்தபோது, சீட்டுக் காலம் முடிந்தது என்று பலர் கூறினர். வரிசைப்படுத்தும் வேலை முடிந்தது என்பது உண்மை. எங்கே பிரிப்பது என்னும் வேலை அன்றும் மனிதரிடமே இருந்தது.

கணினி அதற்கு முன்பே நம் துறைக்குள் எட்டிப் பார்த்திருந்தது. ஐராவதம் மகாதேவன் சிந்துவெளிப் பொறிப்புகளின் தொடரடைவை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினியின் துணையுடன் உருவாக்கினார். 1977இல் இந்தியத் தொல்லியல் துறை அதனை வெளியிட்டது. ஆயினும் அது பெரிய நிறுவனத்தின் பெரிய எந்திரம். மாவட்டக் கல்லூரி ஒன்றின் தமிழாசிரியருக்கு அது வானத்து நிலவு. அவரிடம் இருந்தது செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டி.

இதனை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. என் நெறியாளர் எழுபதுகளில் அகநானூற்றில் ஆய்வு செய்தவர். அவர் மறைந்த பின் அவருடைய துணைவியார் பதினோரு பெட்டிகளை எங்கள் துறைக்கு அளித்தார். அவற்றுள் ஒன்பது செருப்புப் பெட்டிகள், இரண்டு மரப்பெட்டிகள். சீட்டுகள் கடையில் வாங்கியவை அல்ல. திருமண அழைப்பிதழின் பின்பக்கம், விடைத்தாளில் எழுதப்படாமல் எஞ்சிய பகுதி, நாட்காட்டித் தாள், மளிகைக் கடை இரசீது ஆகியவற்றை ஒரே அளவாக நறுக்கி எழுதியவை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர் கையெழுத்தன்று. “அதெல்லாம் நான் எழுதினதும்மா. ராத்திரி அவர் படிப்பார், நான் எழுதுவேன். கடைசியில் அடுக்கினதும் நான்தான்” என்று அம்மையார் சொன்னார். அவர் பள்ளியிறுதி வகுப்பு வரை படித்தவர். ஆய்வேட்டின் நன்றியுரையில் நூலகங்களுக்கும் நண்பர்களுக்கும் தட்டச்சருக்கும் நன்றி இருக்கிறது. அம்மையார் பெயர் இல்லை. என் ஆசிரியர் நன்றி மறந்தவர் அல்லர். மனைவிக்கு நன்றி சொல்வது அக்கால வழக்கத்தில் இல்லை; சொன்னால் நகைப்பர். அக்காலத்து ஆய்வேடுகளில் எத்தனை ஏட்டுக்குப் பின்னே இப்படி ஒரு கையெழுத்து மறைந்திருக்குமோ, அதனை எண்ணிச் சொல்ல எந்த அடைவும் இல்லை.

நூல்களைத் தேடிச் செல்வது தனிக் கதை. சென்னையில் கன்னிமாரா, மறைமலையடிகள் நூலகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம்; தஞ்சையில் சரசுவதி மகால்; மதுரையில் தமிழ்ச்சங்கம்; கரந்தையில் தமிழ்ச்சங்கம்; செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையாவின் வீடு. இவையே அன்றைய ஆய்வாளரின் திருத்தலங்கள். முதலில் அஞ்சலட்டை எழுதி, நூல் இருக்கிறதா என்று கேட்கவேண்டும். மறுமொழி வந்தால் விடுப்பெடுத்துப் புகைவண்டி ஏறவேண்டும். நகலெடுக்கும் எந்திரம் எழுபதுகளின் இறுதி வரை நம் நூலகங்களில் அரிது. ஆகவே வேண்டிய பக்கங்களைக் கையாலேயே எழுதிவரவேண்டும். ஊருக்குத் திரும்பிய பின் ஆண்டு குறிக்க மறந்தது நினைவுக்கு வந்தால் மீண்டும் ஓர் அஞ்சலட்டை. பெண்களுக்கு இது இன்னும் கடினம். வெளியூரில் தங்க இடமும், துணைக்கு வர ஒருவரும் இருந்தால்தான் சுவடி பார்க்க இயலும். பழைய ஆய்வேடுகளில் பெண்கள் பெரும்பாலும் அச்சில் வந்த நூல்களையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டிருப்பதற்கு விருப்பம் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை.

கடல் கடந்தும் இந்நிலைதான். தனிநாயக அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தேடித் தமிழின் தொடக்ககால அச்சு நூல்களைப் பற்றி எழுதினார். 1679இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகேய அகராதியை 1966இல் கோலாலம்பூரிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார். ஒரே ஒரு படி எங்கோ ஒரு நூலகத்தில் இருப்பதும், ஒருவர் சென்று அதனைக் காண்பதும், அவர் வழியாக உலகம் அறிவதுமே அன்றைய ஏற்பாடு. அவ்வொரு படி அழிந்தால் என்னாகும் என்பதனை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது கண்டோம். தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு சுவடிகளும் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவற்றை எவரேனும் ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தால், அக்குறிப்பேடே அன்று முதல் மூலம்.

ஆய்வு முடிந்த பின் தட்டச்சு. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர்களுள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இரா. முத்தையாவின் பெயர் முதலிடம் பெறுவது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்கியதும், புள்ளியும் மேல்விலங்கும் இடும்போது தாள் நகராமல் நிற்கச் செய்ததும் சிறு திறமை அல்ல. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணா, றா, னா முதலியவற்றின் பழைய சுழி வடிவங்களும், ணை, லை முதலியவற்றின் பழைய கொம்பு வடிவங்களும் நீங்கின. அவ்வாண்டை ஒட்டி எழுதப்பட்ட சில ஆய்வேடுகளில் முற்பாதி ஒருவகை எழுத்திலும் பிற்பாதி வேறுவகை எழுத்திலும் இருப்பதைக் காணலாம். கரித்தாள் வைத்து நான்கைந்து படிகள் ஒருசேர அடிப்பர். கடைசிப் படி மங்கி இருக்கும். அதுதான் ஆய்வாளருக்கு மிஞ்சும். ஒரு பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போனால் அப்பக்கம் முழுவதையும் மீண்டும் அடிக்கவேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. இதனால் நேர்ந்தது என்னவென்றால், ஆய்வேட்டில் முதலில் வெட்டப்படுவது பின்னிணைப்பு. பாடவேறுபாட்டுப் பட்டியலும் சொற்பட்டியலும் எண்ணும் குறியும் நிறைந்தவை, அடிப்பதற்குக் கடினமானவை, பிழை மிகுதியாக வருபவை.

ஆய்வேடு நூலாகும்போது இரண்டாம் வெட்டு. ஈய எழுத்துக் காலத்தில் நூல் ஒரே மூச்சில் உருவாவதில்லை. அச்சுக்கோப்பவர் கையெழுத்துப் படியைப் பார்த்து, கண்ணாடியில் தெரிவதுபோன்ற எழுத்துகளை அறைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோலில் அடுக்குவார். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். சிறிய அச்சகங்களில் இரண்டு மூன்று பாரங்களுக்கு மேல் எழுத்து இராது. ஆதலால் முதற்பாரத்தை அச்சிட்டு, எழுத்துகளைப் பிரித்து மீண்டும் பெட்டியில் போட்ட பின்னரே அடுத்தது கோக்கப்படும். நூலாசிரியர் தம் நூலை முழுமையாகக் காண்பது கட்டடம் முடிந்த பிறகுதான். ‘பின்னர்க் காண்க’ என்று எழுதலாம். எந்தப் பக்கம் என்று எழுத இயலாது, அப்பக்கம் அப்போது பிறந்திராது. முன்னுரைப் பக்கங்களுக்குத் தனி எண் இடுவதும், அடைவு கடைசியில் அமைவதும், அதற்கும் பின்னே ‘பிழை திருத்தம்’ ஒட்டப்படுவதும் இம்முறையின் விளைவுகளே. ழகரத்துக்கு மாறாக ‘மு’ விழுந்திருப்பதைப் பத்தாம் பாரம் ஓடும்போது கண்டுபிடித்தால், இரண்டாம் பாரத்தில் திருத்த வழியில்லை. பிழைதிருத்தத்தை எழுதும் ஆசிரியரின் மனநிலை எனக்குப் புரிகிறது. அதனைப் படிக்கும் வாசகர் மிகச் சிலரே என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நற்றிணைக்கு முதன்முதலில் உரை எழுதிப் பதிப்பித்த பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் 1914இல் காலமானார். நூல் 1915இல் வெளிவந்தது. அந்நூலுக்கு உரை கண்டவர் தம் நூலைக் கட்டிய வடிவில் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

சிறிய எழுத்தில் அடிக்குறிப்பு கோப்பதற்குக் கூலி மிகுதி. கிரந்த எழுத்தும் பழைய குறியீடுகளும் எல்லா அச்சகத்திலும் கிடையா. நூலக ஆணையை நம்பி ஆயிரம் படி அச்சிடும் பதிப்பாளர், பக்கம் கூடினால் விலை கூடும் என்று சொல்வதில் நியாயம் உண்டு. ஆகவே தட்டச்சில் தப்பிய பட்டியல் அச்சில் தப்பாது. கருத்தரங்கக் கட்டுரைகளுக்கும் இதே கதிதான்; குறைந்த பக்க வரம்புக்குள் முடிவை மட்டும் சொல்லிச் சான்றுகளை விட்டுவிடவேண்டும். இதனால் சென்ற நூற்றாண்டின் தமிழாய்வில் நாம் நூலாகப் படிப்பது ஒரு பகுதியே. முடிவு நூலில் இருக்கிறது. அம்முடிவுக்கு இட்டுச் சென்ற சான்றுகளின் பெரும்பகுதி சீட்டில் இருக்கிறது. இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதுவொன்றே.

பழைய கைப்படிகளுக்கு ஆய்வு மதிப்பு உண்டு என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உள்ளது. ஈவா வில்டன் பதிப்பித்த நற்றிணை 2008இலும் குறுந்தொகை 2010இலும் வெளிவந்தன. பாடவேறுபாடுகளை முறையாகத் தரும் அப்பதிப்புகளில் ஓலைச்சுவடிகளோடு தாளில் எழுதப்பட்ட படிகளும் சான்றாகக் கொள்ளப்பட்டுள்ளன. நூறாண்டுக்கு முன் யாரோ ஒருவர் பார்த்தெழுதிய தாள், ஓலைக்கு நிகராகச் சாட்சி சொல்கிறது. பெருமக்களின் தாள்களுக்கு நூலகம் உண்டு. பெயரறியாத கல்லூரி ஆசிரியரின் தாள்களுக்கு?

எங்கள் துறையில் அப்பெட்டிகள் பன்னிரண்டு ஆண்டுகள் இரும்பு அலமாரியின் மேல் இருந்தன. இரண்டாண்டுக்கு முன்னர் அறையைச் செப்பனிடும்போது, பழைய தாள்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தோருள் நானும் ஒருத்தி. இணையத்தில் எல்லாம் இருக்கும்போது இவை எதற்கு என்று பிறர் கூறியபோது நானும் மறுக்கவில்லை. இதனை இங்கு எழுத எனக்குக் கூச்சமாகவே உள்ளது. எடைக்காரர் வருவதாக இருந்த நாளுக்கு முந்திய மாலை, ஆசிரியரின் கையெழுத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்போமே என்று ஒரு மரப்பெட்டியைத் திறந்தேன். அது சொற்சீட்டு அன்று. ஒரு சுவடி நூலகத்தில் அவர் பார்த்த அகநானூற்று ஏட்டின் பாடவேறுபாடுகள். பாட்டெண், அடியெண், ஏட்டெண், பார்த்த நாள் ஆகியவற்றோடு எழுதப்பட்டவை. அவருடைய ஆய்வேட்டிலும் இவை இல்லை, பின்னர் வந்த நூலிலும் இல்லை. இரண்டு வெட்டுகளிலும் விழுந்தவை.

அடுத்த மாதம் அந்நூலகம் சென்று அவ்வேட்டைக் கேட்டுப் பெற்றேன். அன்புடன் எடுத்துத் தந்தார்கள். ஏட்டின் வலப்புற ஓரம் பல இதழ்களில் உதிர்ந்திருந்தது. அது எவர் குற்றமும் அன்று, ஓலையின் இயல்பு. சீட்டுகளோடு ஒப்பிட்டபோது, ஆசிரியர் படித்து எழுதிய சொற்களுள் மூன்று இடங்களில் ஓலையே இப்போது இல்லை. அச்சுப் பதிப்புகளில் அவ்விடங்களில் வேறு பாடம் இருக்கிறது. ஆசிரியர் குறித்த பாடம் சிறந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஓரிடத்தில் அவர் ஏட்டைத் தவறாகப் படித்திருக்கவும் கூடும் என்றே நினைக்கிறேன், ரகரத்தைக் காலாகக் கொண்டதுபோல் தெரிகிறது. ஆனால் அதனை ஆராய்வதற்கு உலகில் இன்று எஞ்சியுள்ள சான்று, ஒரு திருமண அழைப்பிதழின் பின்பக்கத்தில் பேனா மையால் எழுதிய இரண்டு வரிகளே.

எடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இப்போது மூன்று மாணவியர் வாரத்தில் இரு பிற்பகல்கள் அமர்ந்து அச்சீட்டுகளைக் கணினியில் ஏற்றிவருகின்றனர். ஒருவர் படிக்க, ஒருவர் உள்ளிட, மூன்றாமவர் ஒப்புநோக்குகிறார். எது ஆசிரியர் கையெழுத்து, எது அம்மையார் கையெழுத்து என்பதையும் ஒவ்வொரு சீட்டுக்கும் தனியே குறிக்கிறோம். ஐயம் எழும்போது அம்மையாரிடமே தொலைபேசியில் கேட்கிறோம். எண்பத்திரண்டு வயதிலும் பல சீட்டுகளை எழுதிய இரவு அவருக்கு நினைவிருக்கிறது. மரப்பெட்டிகள் இரண்டும் முடிந்தன. செருப்புப் பெட்டிகளில் ககர வரிசையில் ‘கன்’ வரை வந்துள்ளோம்.